ஒத்திகைக்கு யார் பணம் கொடுப்பது? டோனவெஷிங்கன் புதிய இசை விழா இயங்கும் விதம்

ஜெர்மனியில் பொது ஒலிபரப்பு நிறுவனங்களின் செலவைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போது, நாட்டின் தென்மேற்கில் கருங்காட்டு மலைகளை ஒட்டியிருக்கும் டோனவெஷிங்கன் என்ற சிற்றூரின் பெயரும் அடிபடுகிறது. பிரிகாக், பிரெக் என்ற இரண்டு சிற்றாறுகள் கூடி டான்யூப் நதியாகும் இடம் அது. மக்கள்தொகை ஏறக்குறைய 22,000. அங்கே பொது வானொலியின் ஆதரவோடு அக்டோபர் நடுவில் ஒரு வார இறுதியை ஒட்டி நடக்கும் 'டோனவெஷிங்கன் இசை நாட்கள்' தற்காலச் செவ்வியல் இசைக்கென்றே தொடங்கப்பட்ட விழாக்களில் மிகப் பழையது. முதல் கச்சேரி 1921 ஜூலை 31 அன்று நடந்தது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எழும் கேள்வி நியாயமானதுதான். இருபது நிமிடம் ஒலித்து முடியும் ஒரு படைப்புக்காக ஒரு வானொலி நிறுவனம் எண்பது கலைஞர்களையும் தன் பொறியாளர்களையும் ஒலிவாங்கிகளையும் இந்தச் சிற்றூருக்கு ஏன் கொண்டுபோக வேண்டும்? டிக்கெட் வருமானம் அந்தச் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. பதில் தெரிய வேண்டுமானால் மேடைக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்க வேண்டும். இந்த இசையின் முக்கிய மூலப்பொருள் ஒத்திகை நேரம். அதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே எத்தகைய இசை எழுதப்படும் என்பது அமைகிறது. டோனவெஷிங்கனின் நூறாண்டு வரலாறு முழுக்க இதைக் காணலாம்.

முதலில் சில அடிப்படைகள்

இங்கே செவ்வியல் இசை என்பது ஐரோப்பிய எழுத்து மரபைக் குறிக்கிறது. இசையமைப்பாளர் ஒவ்வொரு கருவிக்கும் உரிய சுரம், கால அளவு, ஒலியின் அளவு, வாசிக்கும் முறை எல்லாவற்றையும் தாளில் எழுதிவிடுவார். அந்தத் தாளை வைத்துக்கொண்டு, அவரை ஒருமுறைகூடச் சந்தித்திராத கலைஞர்கள் வாசிப்பார்கள். தற்காலம் என்பது பெரும்பாலும் இப்போது உயிரோடு இருப்பவர்கள் எழுதுவது. கட்டுரையில் அடிக்கடி வரும் நான்கு சொற்களுக்கு இங்கேயே விளக்கம் தந்துவிடலாம்.

1. ஸ்கோர்: எல்லாக் கருவிகளின் வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்ட முழு எழுத்து. கையசைத்துக் குழுவை வழிநடத்தும் நடத்துநரின் மேசையில் இருப்பது இது.
2. பார்ட்: ஒரு கருவிக்கு உரிய வரி மட்டும் பிரித்தெடுக்கப்பட்ட தாள். கலைஞரின் முன்னால் இருப்பது இது மட்டுமே. பக்கத்தில் இருப்பவர் என்ன வாசிக்கப்போகிறார் என்பது அவருக்குக் காதால்தான் தெரியும்.
3. பணித்த படைப்பு: விழா முன்கூட்டியே கட்டணம் பேசி, இன்ன நீளத்தில் இன்ன கருவிகளுக்கு எழுதித் தருமாறு கேட்டுப் பெறும் படைப்பு.
4. முதல் நிகழ்த்தல்: ஒரு படைப்பு பொதுமக்கள் முன் முதல்முறையாக வாசிக்கப்படுவது. டோனவெஷிங்கன் நிகழ்ச்சி நிரலில் மிகப் பெரும்பகுதி இதுதான்.

பீத்தோவன் சிம்பொனியை ஓர் இசைக்குழு வாசிக்க உட்காரும்போது உறுப்பினர்கள் அனைவரும் அதை முன்பே பலமுறை வாசித்திருப்பார்கள். எங்கே யார் தலையெடுப்பார், எங்கே ஒதுங்க வேண்டும் என்பது அவர்கள் கையிலேயே பதிந்திருக்கும். புதிய படைப்பில் இந்த நினைவுக்கு வழியில்லை. வாசிக்கும் முறைகூடச் சில சமயம் புதிது. வில்லின் மரப்பகுதியால் தந்தியைத் தட்டுவது, குழலில் ஒரே மூச்சில் இரண்டு மூன்று சுரங்களை எழுப்புவது, பியானோவுக்குள் கைவிட்டுத் தந்தியைத் தடவுவது என்று போகும். எழுதியவர் மனதில் இருந்த ஒலியைக் கலைஞர் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குச் செலவாவது நேரம்.

இளவரசர் காலத்துச் சிறிய இசை: 1921–1926

தொடக்கத்தில் புரவலராக இருந்தது உள்ளூர்ப் பிரபுக் குடும்பமான ஃபூர்ஸ்டன்பெர்க். அவர்களது அரண்மனையின் இசைப் பொறுப்பாளர் ஹைன்ரிக் பூர்கார்ட் யோசனையை முன்னெடுத்தார். இசையமைப்பாளர்கள் எடுவார்ட் எர்ட்மன், யோசெஃப் ஹாஸ் இருவரும் அவரோடு சேர்ந்து படைப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் உலகப் போர் முடிந்து மூன்றாண்டுகளும் ஆகவில்லை. நாட்டில் பணமதிப்பு சரிந்துகொண்டிருந்த நேரம். முழு இசைக்குழுவை வரவழைக்க வழியில்லை. ஆகவே விழாவின் முதல் பெயரே சேம்பர் இசை நிகழ்ச்சிகள் என்றுதான் இருந்தது. சேம்பர் இசை என்றால் இரண்டு பேர் முதல் பத்துப் பன்னிரண்டு பேர் வரை, ஆளுக்கொரு பார்ட் வைத்துக்கொண்டு வாசிப்பது.

முதல் ஆண்டிலேயே ஒத்திகைச் சிக்கல் வெளிப்பட்டது. இளம் ஜெர்மன் இசையமைப்பாளர் பவுல் ஹிண்டெமித் எழுதிய ஓபஸ் 16 (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்) நால்வர் இசையை, அதாவது இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோவுக்கான படைப்பை, வாசிக்க வேண்டிய குழு மறுத்துவிட்டது. ஹிண்டெமித் தானே வியோலாவை எடுத்துக்கொண்டு, புடாபெஸ்டில் பிறந்த வயலின் கலைஞர் லிக்கோ அமாரோடு புதிதாக ஒரு நால்வர் குழுவை அமைத்து அந்தப் படைப்பை மேடையேற்றினார். அந்த 'அமார் குவார்ட்டெட்' பிறகு ஐரோப்பா முழுவதும் புதிய இசையை வாசித்தது. எழுதுபவரும் வாசிப்பவரும் ஒருவராகவே இருந்தால் ஒத்திகைக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை என்ற வசதி அதில் இருந்தது.

1924இல் வியன்னாவைச் சேர்ந்த இசையமைப்பாளர் அர்னால்ட் ஷோன்பெர்க் தன் 'செரினேட்' ஓபஸ் 24ஐ இங்கே நடத்தினார். ஏழு கருவிகள், ஒரு பகுதியில் மட்டும் ஓர் ஆண் குரல். அதே ஆண்டு அமார் குழு அவருடைய மாணவர் ஆன்டன் வேபெர்னின் 'ஆறு பகட்டெல்' (பகட்டெல் என்றால் சிறு இசைத்துண்டு) படைப்பை முதன்முதலாக வாசித்தது. ஆறு பகுதிகளும் சேர்ந்து நான்கு நிமிடம் போலத்தான் வரும். இருபதாம் நூற்றாண்டு இசையின் திருப்புமுனைகள் பலவும் இப்படிச் சிறிய உருவத்தில் பிறந்ததற்கு அழகியல் காரணங்கள் நிறைய உண்டு. ஆனால் நான்கு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் பழக முடியும், எண்பது பேரால் முடியாது என்ற நடைமுறைக் காரணத்தையும் விட்டுவிடக் கூடாது.

1926 நிகழ்ச்சியில் ஒரு விசித்திரமான திருப்பம். பக்கத்து நகரமான ஃப்ரைபுர்க்கில் வெல்டே நிறுவனம் தயாரித்த தானியங்கிப் பியானோக்களுக்கென்று ஹிண்டெமித்தும் எர்ன்ஸ்ட் டோக்கும் படைப்புகள் எழுதினார்கள். துளையிட்ட காகிதச் சுருளை மாட்டினால் கருவி தானே வாசிக்கும். மனிதக் கையால் முடியாத வேகமும் சிக்கலும் அதற்குச் சாத்தியம், ஒத்திகையும் தேவையில்லை. மனிதக் கலைஞர்களின் நேரம் அரிதாக இருக்கும்போது இசையமைப்பாளர்கள் இயந்திரத்தை நாடுவது அப்போதே தொடங்கிவிட்டது.

1927இல் விழா பாடன்-பாடனுக்கும் 1930இல் பெர்லினுக்கும் இடம் மாறியது. நாஜி ஆட்சியில் முன்னோடிகள் பலர் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. போருக்குப் பிறகு விழா நிலைபெற ஒரு புதிய புரவலர் தேவைப்பட்டார்.

வானொலி வந்த பிறகு: 1950 முதல்

அந்தப் புரவலர் சுட்வெஸ்ட்ஃபுங்க். பிரெஞ்சு ஆக்கிரமிப்பு மண்டலத்தில் 1946இல் பாடன்-பாடனைத் தலைமையிடமாகக் கொண்டு ஒலிபரப்பைத் தொடங்கிய பொது வானொலி இது. 1998இல் ஸ்டுட்கார்ட் வானொலியோடு இணைந்து எஸ்.டபிள்யூ.ஆர். ஆனது. அதன் இசைத்துறைத் தலைவர் ஹைன்ரிக் ஸ்ட்ரோபெல் 1950இல் டோனவெஷிங்கனோடு கைகோத்தார். வானொலிக்குச் சொந்தமாக ஒரு முழு இசைக்குழு இருந்தது. 1948 முதல் அதன் நடத்துநர் ஹான்ஸ் ரோஸ்பௌட். எவ்வளவு கடினமான ஸ்கோரையும் அமைதியாகப் பிரித்துப் படித்து, பொறுமையாகக் கற்றுக்கொடுப்பவர் என்று பெயரெடுத்தவர்.

வானொலி இசைக்குழுவின் பொருளாதாரம் கச்சேரி அரங்கத்துக் குழுவிலிருந்து அடிப்படையிலேயே வேறு. அரங்கத்துக் குழு வாரந்தோறும் டிக்கெட் விற்க வேண்டும். வானொலிக் குழுவின் கலைஞர்கள் மாதச் சம்பளக்காரர்கள். ஒலிபரப்புக்கான பதிவுதான் அவர்களுடைய உற்பத்தி. அரங்கில் முந்நூறு பேர் இருந்தாலும் மூவாயிரம் பேர் இருந்தாலும் சம்பளம் மாறாது. எனவே ஒரே படைப்புக்கு ஒரு வாரம் ஒதுக்க அவர்களால் முடிந்தது.

விளைவு உடனே தெரிந்தது. எழுத்தின் அளவே மாறியது.

யான்னிஸ் செனாகிஸின் 'மெட்டாஸ்டாசிஸ்' 1955 அக்டோபரில் ரோஸ்பௌட் தலைமையில் முதல்முறை ஒலித்தது. மொத்தம் 61 கலைஞர்கள். அதில் 46 தந்திக் கருவிகளுக்கு 46 தனித்தனி வரிகள். இதன் பொருள் என்னவென்று பார்க்க வேண்டும். வழக்கமான இசைக்குழுவில் முதல் வயலின் பிரிவில் பதினாறு பேர் இருந்தாலும் அனைவரும் வாசிப்பது ஒரே வரியை. இருவருக்கு ஒரு தாள்தாங்கி, இருவருக்கு ஒரு தாள். ஒருவர் தவறினால் மற்றவர் மறைத்துவிடுவார். செனாகிஸின் படைப்பில் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. ஒவ்வொருவரும் தனி ஆள். தன் சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு எத்தனை மெதுவாக வழுக்க வேண்டும் என்பதைத் தானே எண்ணிக்கொள்ள வேண்டும்.

1960இல் கிரிஸ்டோஃப் பெண்டெரெட்ஸ்கியின் 'அனாக்ளாசிஸ்' வந்தது. 42 தந்திக் கருவிகளும் தாளக் கருவிகளும் கொண்டது. அடுத்த ஆண்டு அக்டோபர் 22 அன்று ஜார்ஜ் லிகெட்டியின் 'அட்மோஸ்ஃபேர்'. இதில் 56 தந்திக் கலைஞர்கள், அவர்களுக்குத் தனித்தனி பார்ட்கள். தொடக்கத்தில் ஐந்து ஸ்தாயிக்கும் மேல் பரவிய அரைச்சுரங்கள் (பியானோவின் அடுத்தடுத்த கட்டைகள் தரும் சுரங்கள்) அத்தனையும் ஒன்றாக, மிக மெல்லிய ஒலியில் நிற்கும். மெட்டு என்று எதையும் தனியே பிடிக்க முடியாது. ஒலியின் நிறம் மட்டும் நகரும். அன்று அரங்கத்தினர் கேட்டுக்கொண்டதால் படைப்பு முழுவதும் மறுபடி வாசிக்கப்பட்டது. ஏறக்குறைய ஒன்பது நிமிடம் ஓடும் அந்த இசையை ஸ்டான்லி குப்ரிக்கின் '2001' திரைப்படம் வழியாகப் பலரும் கேட்டிருப்பார்கள்.

இந்த மூன்று படைப்புகளையும் எழுதியவர்கள் கிரேக்கம், போலந்து, ஹங்கேரி என வெவ்வேறு நாட்டவர். பாணியும் வேறு வேறு. மூன்றுக்கும் பொதுவானது, தந்திக் கருவிக் கூட்டத்தை ஆளாளாகப் பிரித்து எழுதும் துணிவு. அதை வாசித்துக் காட்ட ஒரு வானொலிக் குழு இருந்ததால்தான் அந்தத் துணிவுக்குப் பயன் கிடைத்தது.

எல்லாமே கைதட்டலோடு முடிந்துவிடவில்லை. 1951இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் பூலெஸின் 'பாலிஃபனி எக்ஸ்' பெரும் கூச்சலைக் கிளப்பியது. அவரே பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1953இல் பியர் ஷெஃபரும் பியர் ஆன்ரியும் ஒலிநாடாவோடு மேடையேற்றிய 'ஆர்ஃபே 53' பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. புதியதை வரவழைக்கும் விழாவில் தோல்விக்கும் இடம் இருந்தாக வேண்டும். டிக்கெட்டை மட்டும் நம்பி நடக்கும் விழாவால் அந்த இடத்தைத் தர முடியாது.

ஒரு படைப்பு மேடைக்கு வரும் வழி

இத்தகைய விழாக்களில் வேலை நடக்கும் வரிசை பொதுவாக இப்படி இருக்கும்.

1. பணிக்கும் கடிதம். விழாவுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன். நீளம், கருவிகளின் பட்டியல், ஸ்கோர் தரவேண்டிய கெடு, முதல் நிகழ்த்தல் உரிமை, ஒலிபரப்பு உரிமை, பார்ட் தயாரிக்கும் செலவு யாருடையது என்பவை அதில் இருக்கும். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடும் ஒப்பந்தங்களால்தான் இளம் இசையமைப்பாளர்கள் பெரும்பாலும் நட்டப்படுகிறார்கள்.

2. கருவிப் பட்டியல். ஓராண்டு முன்பாவது இது உறுதியாக வேண்டும். தாளக் கருவிகள்தான் தலைவலி. மூன்று பேர் வாசிக்கும் தாளப் பகுதிக்கு நாற்பது பொருட்கள் தேவைப்படலாம். எந்தச் சுரத்துக் காங், எத்தனை சென்டிமீட்டர் சிம்பல், எந்த வகைக் குச்சி என்று எழுதாவிட்டால் வாடகைக்கு எடுப்பவர் ஊகித்துத்தான் எடுப்பார். கருவிகளைப் பொதுவில் பகிர்ந்துகொள்ளும்படி அடுக்கினால் மேடையில் இடமும் மிச்சமாகும்.

3. முழு ஸ்கோர். நிகழ்ச்சிக்குக் குறைந்தது மூன்று நான்கு மாதம் முன். நடத்துநர் படிக்க வேண்டும், மேடை அமைப்பு வரைய வேண்டும், ஒலிப் பொறியாளர் ஒலிவாங்கிகளைத் திட்டமிட வேண்டும்.

4. பார்ட் தயாரிப்பு. கணினி இருப்பதால் இது ஒரு சொடுக்கில் முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. பக்கம் திருப்பும் இடத்தில் கலைஞருக்குக் கை ஓய்வாக இருக்க வேண்டும். முப்பது அளவுகள் (தாளச் சுற்றுகள்) சும்மா இருந்துவிட்டு நுழைபவருக்கு, அதற்கு முன் பக்கத்து ஆள் வாசிக்கும் அடையாள வரி சிறு எழுத்தில் தேவை. ஒவ்வொரு பார்ட்டையும் மனிதர் ஒருவர் திறந்து பார்த்தே ஆக வேண்டும். 56 தந்திக் கலைஞர்களுக்கு வழக்கமான எழுத்தில் ஐந்து வேறுபட்ட பார்ட்களை 28 பிரதி எடுத்தால் போதும். ஆளுக்கொரு வரி என்றால் 56 வெவ்வேறு பார்ட்கள். திருத்தும் வேலை பதினொரு மடங்கு.

5. பிரிவு ஒத்திகை, முழு ஒத்திகை, மேடை ஒத்திகை. இதில்தான் கணக்கு இறுகும்.

ஒரு நிகழ்ச்சியில் தலா இருபது நிமிடம் ஓடும் மூன்று புதிய படைப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு அமர்வு, ஓர் அமர்வு இரண்டரை மணி நேரம். கடைசி அமர்வு மேடை ஒத்திகைக்குப் போனால் மிச்சம் ஒன்பது. படைப்புக்கு மூன்று அமர்வு, அதாவது ஏழரை மணி நேரம். இடைவேளையும் நாற்காலி மாற்றும் நேரமும் கழித்தால் ஆறு மணி நேரம் மிஞ்சும். ஒரு நிமிட இசைக்குப் பதினெட்டு நிமிடம். அந்தப் பதினெட்டு நிமிடத்துக்குள் எண்பது பேரும் முதல்முறை பார்த்து, தவறைக் கண்டுபிடித்து, திருத்தி, மறுபடி வாசித்து, அர்த்தம் பிடிபட வேண்டும்.

கடினமான எழுத்துக்கு இது எவ்வளவு போதாது என்பதற்கு ஒரு சான்று உண்டு. பூலெஸின் 'லே மார்த்தோ சான் மேத்ர்' ஏழே பேருக்கு எழுதப்பட்டது. 1954 டோனவெஷிங்கனில் வருவதாக இருந்து தள்ளிப்போய், 1955 ஜூன் 18 அன்று பாடன்-பாடனில் ரோஸ்பௌட் நடத்தினார். அதற்கு அவர் ஐம்பது ஒத்திகைகள் எடுத்தார் என்று சொல்லப்படுகிறது. அந்த அளவு நேரத்தை இன்று எந்த விழா அட்டவணையிலும் காண முடியாது.

எங்கே பிசகுகிறது, ஏன்

*தாமதம்.* பெரும்பாலான சிக்கல்களின் வேர் இது. ஸ்கோர் ஆறு வாரம் தாமதமானால் பார்ட் திருத்தும் கட்டம்தான் சுருங்கும். பிழைகள் அப்படியே ஒத்திகை அறைக்கு வரும். கிளாரினெட் போன்ற கருவிகளுக்கு எழுதும் சுரமும் ஒலிக்கும் சுரமும் வேறு; அந்த மாற்றத்தை ஓர் இடத்தில் விட்டுவிட்டால் கலைஞர் எழுதியபடி வாசித்தும் தவறாக ஒலிக்கும். பிழை தாளிலா கையிலா என்று கண்டுபிடிக்க எண்பது பேர் இரண்டு நிமிடம் காத்திருப்பார்கள். இப்படிப் பத்து இடம் வந்தால் இருபது நிமிடம் போய்விடும்.

*காகிதத்தில் மட்டும் இருக்கும் ஒலி.* குழல் கருவியில் ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்களை எழுப்பும் விரல் அமைப்பு, கருவியின் தயாரிப்புக்கும், ஊதும் முனையில் இருக்கும் நாணல் தகட்டுக்கும் ஏற்ப மாறும். புத்தகத்தில் பார்த்து எழுதியது இந்தக் கலைஞரின் கருவியில் வராமலே போகலாம். அனுபவமுள்ள இசையமைப்பாளர் எழுதும்போதே அந்தக் கலைஞரை நேரில் பார்த்து ஒலியைப் பதிவு செய்துகொள்வார். மின்னணுக் கருவிகள் வந்த பிறகும் இந்த ஒரு சந்திப்புக்கு மாற்று இல்லை என்றே சொல்வேன்.

*தூரம்.* ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். இருபது மீட்டர் தள்ளி இருக்கும் கலைஞரின் ஒலி 58 மில்லிவினாடி தாமதமாக வந்து சேரும். வேகமான இசையில் அது கேட்கக்கூடிய பிசகு. 1981 அக்டோபர் 18 அன்று இங்கே முதல்முறை ஒலித்த பூலெஸின் 'ரெபோன்' படைப்பில் 24 பேர் நடுவில், அவர்களைச் சுற்றிப் பார்வையாளர்கள், அதற்கும் வெளியே சுற்றிலும் ஆறு தனிக் கலைஞர்கள். அந்த ஆறு பேரின் ஒலியைக் கணினி உடனுக்குடன் மாற்றி ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பும். காதை நம்பி வாசித்தால் எல்லோரும் பின்தங்குவார்கள். கையசைவைப் பார்த்தே வாசிக்க வேண்டும். நடத்துநரைப் பார்க்க முடியாத இடத்தில் இருப்பவருக்குத் திரையோ காதில் தாளத் துடிப்போ கொடுப்பார்கள்.

*அரங்கம்.* சிற்றூரில் பெரிய கச்சேரி அரங்கம் இருக்காது. டோனவ்ஹாலன் வளாகத்து அரங்குகளோடு 'பார்' (Baar) என்ற பெயருள்ள விளையாட்டு அரங்கமும் பயன்படுகிறது. விளையாட்டுக்காகக் கட்டிய இடத்தில் சமதளச் சுவர்கள் எதிரொலியைக் கூட்டும், காற்றோட்டக் கருவியின் முனகல் மெல்லிய ஒலிகளை விழுங்கும். ஒலித்தடுப்புத் திரை, தற்காலிக மேடை, நிகழ்ச்சி நேரத்தில் காற்றோட்டத்தை நிறுத்துவது என்று ஏற்பாடுகள் தேவை. இன்னொரு பக்கம், நிலையான இருக்கைகள் இல்லாத வெற்றுத் தளம் என்பதால்தான் 'ரெபோன்' போன்ற அமைப்புகளுக்கு விளையாட்டு அரங்கம் பொருந்துகிறது.

*சுருதி.* 2010இல் ஆஸ்திரிய இசையமைப்பாளர் கேயார்க் ஃப்ரீட்ரிக் ஹாஸின் 'லிமிட்டெட் அப்ராக்சிமேஷன்ஸ்' இங்கே முதல்முறை வந்தது. இசைக்குழுவோடு ஆறு பியானோக்கள். ஒன்றுக்கொன்று ஒரு முழுச் சுரத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு விலகிச் சுருதி சேர்க்கப்பட்டவை. அரைச்சுரத்துக்கு 100 சென்ட் என்ற அளவில் இந்த விலகல் ஏறக்குறைய 17 சென்ட். ஆறும் சேர்ந்தால் ஒரு ஸ்தாயிக்குள் 72 படிகள் கிடைக்கும். இத்தகைய ஏற்பாட்டில் ஒரு பியானோவை வழக்கமான சுருதியில் வைத்து மற்றவற்றை மேலும் கீழுமாகப் பிரித்தால், கடைசிப் பியானோ 50 சென்ட் விலகும். அப்போது தந்தி இழுவிசை ஏறக்குறைய 6 சதவீதம் மாறும். பெரிய கிராண்ட் பியானோவின் மொத்த இழுவிசை சுமார் 20 டன் என்பதால் மாற்றம் ஒரு டன்னைத் தாண்டும். சட்டகமும் ஒலிப்பலகையும் அதற்கேற்ப நெளியும்; முதலில் சேர்த்த தந்திகள், கடைசித் தந்தியைச் சேர்ப்பதற்குள் நழுவிவிடும். எனவே தோராயமாக ஒருமுறை, விட்டு வைத்து மறுபடி, நிகழ்ச்சிக்கு முன் கடைசியாக ஒருமுறை என்று பல சுற்று வேண்டும். ஆறு பியானோவுக்கும். விழா முடிந்ததும் அத்தனையையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

2012இல் என்ன நடந்தது

எஸ்.டபிள்யூ.ஆர். இரண்டு சிம்பொனிக் குழுக்களை வைத்திருந்தது. ஒன்று ஸ்டுட்கார்டில், மற்றொன்று பாடன்-பாடன், ஃப்ரைபுர்க் நகரங்களைச் சேர்ந்தது. ரோஸ்பௌட்டின் வாரிசாகப் பல பத்தாண்டுகளாக டோனவெஷிங்கனைத் தாங்கி வந்தது இரண்டாவது குழு. சிக்கனத்துக்காக இரண்டையும் ஒன்றாக்க 2012இல் நிறுவனம் முடிவெடுத்தது. அந்த ஆண்டு விழாவின் தொடக்க நிகழ்ச்சியில் இசையமைப்பாளர் யோஹன்னஸ் க்ரைட்லர் மேடையேறி, ஒரு வயலினையும் செல்லோவையும் தந்திகளால் பிணைத்து, பிறகு உடைத்துக் காட்டினார். எதிர்ப்புகள் பல திசையிலிருந்தும் வந்தும் முடிவு மாறவில்லை. 2016இல் இரு குழுக்களும் ஸ்டுட்கார்டைத் தலைமையிடமாகக் கொண்டு ஒன்றாயின.

இதைக் கலைஞர்களின் வேலைப் பிரச்சினையாக மட்டும் பார்க்கக் கூடாது. இசையமைப்பாளர்களுக்கு அதன் விளைவு வேறு. இரண்டு குழுக்கள் இருந்தால் ஒன்று மரபுப் படைப்புகளைப் பார்த்துக்கொள்ளும்போது மற்றொன்று ஒரு வாரம் முழுவதையும் புதியதற்குத் தரலாம். ஒரே குழு என்றால் இரண்டு நகரத்து ரசிகர்களுக்கும், சுற்றுப்பயணங்களுக்கும், பதிவுகளுக்கும், விழாவுக்கும் அதே வாரங்களைப் பங்கிட வேண்டும். அதைவிட நுட்பமான இழப்பு, குழுவின் பழக்கம். ஐம்பது அறுபது ஆண்டு புதிய இசை வாசித்த குழுவில் கால்சுரம் (அரைச்சுரத்தில் பாதி) எங்கே விழும் என்பதை மூத்தவரைப் பார்த்து இளையவர் கற்றுக்கொள்வார். ஒவ்வொரு முறையும் அதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பழக்கமே மிச்சப்படுத்தும் ஒத்திகை நேரம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராது. ஆட்குறைப்பைக் கணக்கிட்டவர்கள் அதையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

பணத்தின் மூலம் தெளிவானது. ஜெர்மனியில் வீட்டுக்கு ஒன்றாக வசூலிக்கப்படும் ஒலிபரப்புக் கட்டணம் 2021இல் மாதத்துக்கு 18.36 யூரோவாக உயர்ந்தது. வானொலி, தொலைக்காட்சி, செய்தி எல்லாமே அதிலிருந்துதான். விழாவுக்கு எஸ்.டபிள்யூ.ஆர். தவிர நகராட்சி, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், கூட்டாட்சியின் பண்பாட்டு அறக்கட்டளை, எர்ன்ஸ்ட் ஃபோன் சீமென்ஸ் இசை அறக்கட்டளை ஆகியவையும் கைகொடுத்துள்ளன. ஆனால் அறக்கட்டளைகள் தருவது பெரும்பாலும் குறிப்பிட்ட திட்டத்துக்கு. ஒரு படைப்பைப் பணிக்க அந்தப் பணம் உதவும். ஆண்டு முழுதும் சம்பளம் வாங்கும் எண்பது பேர் கொண்ட குழுவை அது தாங்காது. அறக்கட்டளைப் பணம் கூடி வானொலிப் பணம் குறைந்தால், 1921இல் இருந்தது போலச் சிறு குழுக்களும், 1926இல் இயந்திரத்தை நாடியது போல மின்னணுவும் கூடிவரும் என்று எதிர்பார்க்கலாம். அவற்றிலும் அரிய படைப்புகள் பிறக்கும். 'அட்மோஸ்ஃபேர்' போன்ற ஒன்று பிறக்காது.

இரண்டாவது முறை யார் வாசிப்பார்?

முதல் நிகழ்த்தலுக்குச் செய்தி மதிப்பு உண்டு. விழாக்கள் அதற்குப் போட்டியிடுகின்றன. இரண்டாவது நிகழ்த்தலுக்கு அந்தக் கவர்ச்சி கிடையாது. ஆனால் படைப்பு நன்றாக வாசிக்கப்படுவது பெரும்பாலும் அப்போதுதான். பிழைகள் திருத்தப்பட்ட பார்ட், முதல் பதிவைக் கேட்டுவிட்டு வரும் நடத்துநர், நீளத்தைச் சுருக்கிய இசையமைப்பாளர் என்று எல்லாம் கூடிவரும். பெரிய இசைக்குழுப் படைப்புக்கு ஆறு பியானோவோ 56 பார்ட்டோ தேவை என்றால் வேறு எந்தக் குழுவும் எடுக்கத் தயங்கும். எனவே சில விழாக்கள் கூட்டாகப் பணித்து, ஒரே படைப்பை இரண்டு மூன்று நாடுகளில் வாசிக்கும் முறைக்குப் போகின்றன. செலவு பங்கிடப்படும், ஒத்திகையும் கூடும். முதல் நிகழ்த்தல் என்ற பெருமை ஒருவருக்குத்தான் போகும். அதை விட்டுக்கொடுக்க மனம் வர வேண்டும்.

டோனவெஷிங்கனில் 2005 முதல் ஒரு நல்ல வழக்கம் உண்டு. இசைக்குழு உறுப்பினர்களே வாக்களித்து, அந்த ஆண்டின் புதிய படைப்புகளில் ஒன்றுக்குப் பரிசு தருகிறார்கள். விமர்சகர் கேட்பது ஒருமுறை. கலைஞர்கள் அதே அளவுகளை ஒரு வாரம் கையால் தடவிப் பார்த்தவர்கள். எது உழைப்புக்குத் தகுந்த பலன் தந்தது என்பது அவர்களுக்குத் தெரியும்.

கேட்க விரும்புவோருக்கு

நிகழ்ச்சிகளை எஸ்.டபிள்யூ.ஆர். ஒலிபரப்புகிறது, பல நேரடியாகவே. இணையத்திலும் கேட்கலாம். 2022 முதல் விழாவின் கலை இயக்குநர் லிடியா ரில்லிங். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண்.

புதிதாகக் கேட்பவர் இருபது நிமிடப் படைப்பில் மெட்டைத் தேடிக் களைத்துவிட வேண்டாம். மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும்: எந்தக் கருவி ஒலிக்கிறது என்று அடையாளம் தெரிகிறதா, அல்லது கருவிகள் ஒன்றில் ஒன்று கரைந்துவிட்டனவா; ஒலி எங்கே அடர்கிறது, எங்கே மெலிகிறது; எது திரும்ப வருகிறது. 'அட்மோஸ்ஃபேர்' தொடங்க ஏற்ற படைப்பு. நல்ல காதொலிப்பான் தேவை, ஏனெனில் அதன் பாதி மிக மெல்லிய ஒலியில் இருக்கிறது, கைபேசியின் ஒலிபெருக்கியில் வராது. அடுத்து 'மெட்டாஸ்டாசிஸ்'. தொடக்கத்தில் ஒரே சுரத்தில் நிற்கும் தந்திக் கருவிகள் ஆளாளாகப் பிரிந்து விரிவதைப் பின்தொடரலாம். அதன் பிறகு இந்த ஆண்டின் நிகழ்ச்சி நிரலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் கீழே எத்தனை கருவிகள், எத்தனை நிமிடம் என்று எழுதியிருப்பதைப் பார்க்கவும். யார் எவ்வளவு ஒத்திகை நேரம் கேட்டிருப்பார்கள் என்பதை அதை வைத்தே ஓரளவு மதிப்பிடலாம்.